ஒரு நாள், ஒரு அரண்மனை: எங்கே போவது?

சித்தி பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்தான். அலுவலக வேலையாக மாட்ரிட் போகிறானாம். திரும்பும்போது பாரிஸில் விமானம் மாற வேண்டும். நடுவே ஒரே ஒரு நாள் மிச்சம். அதை மாட்ரிட்டிலும் வைத்துக்கொள்ளலாம், பாரிஸிலும் வைத்துக்கொள்ளலாம்.

"அண்ணா, நீங்கதான் இந்த ராஜா ராணி கதையெல்லாம் படிக்கிற ஆளு. ஒரு அரண்மனைதான் பார்க்க முடியும். எது பார்க்கலாம்?"

"போட்டோவுக்கா, விஷயத்துக்கா?"

"ரெண்டுக்கும்தான். ஆனா ஒரு ஆளு எப்படி அத்தனை பேரையும் அடக்கி வச்சிருந்தாருன்னு கொஞ்சமாவது புரியணும்."

ஃபோனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேறு யாராவது இருந்தால் அவர்களுக்கும் ஆகும் என்பதால் நான் பார்த்த நான்கையும் சேர்த்தே சொல்கிறேன்: பாரிஸுக்குப் பக்கத்தில் வெர்சாய், மாட்ரிட்டுக்குப் பக்கத்தில் எல் எஸ்கோரியல், லண்டனுக்குப் பக்கத்தில் ஹாம்ப்டன் கோர்ட், வியன்னாவில் ஷோன்ப்ரூன்.

முதலில், அறைகளை எண்ணிப் பார்த்து முடிவு செய்யும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பக்கிங்காம் அரண்மனையில் 775 அறைகள். அது அரசரின் அதிகாரபூர்வ இல்லமானது 1837இல் விக்டோரியா பட்டத்துக்கு வந்த பிறகு. அதற்குள் நாட்டை நடத்துகிற வேலை நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை வைத்திருந்த மந்திரிகள் கைக்குப் போய்விட்டது. மறுபக்கம், பெர்லினை அடுத்த போட்ஸ்டாமில் பிரஷ்ய ராஜா இரண்டாம் ஃபிரெடெரிக் 1745இலிருந்து 1747க்குள் கட்டிக்கொண்ட சான்சூசி மாளிகை. திராட்சைக் கொடி படர்ந்த படிக்கட்டுகளுக்கு மேலே ஒரே தளம், பத்துப் பன்னிரண்டு முக்கிய அறைகள். அதில் குடியிருந்தவரோ யாரையும் கேட்காமல் படையை அனுப்பி ஆஸ்திரியாவிடமிருந்து சிலேசியாவைப் பிடுங்கியவர். வீட்டின் நீள அகலத்துக்கும் அதிகாரத்துக்கும் நேர்க் கணக்கு கிடையாது.

நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. நேராகப் படுக்கையறைக்குப் போவேன். ராஜா தூங்கிய கட்டில்வரை யார் போகலாம், எந்தக் கதவோடு யார் நின்றுவிட வேண்டும்? இன்றைய கம்பெனியிலும் எம்.டி. அறைக்குள் தட்டாமல் போகிற ஆள் யார் என்று தெரிந்தால் போதும், சுவரில் மாட்டியிருக்கும் பதவி வரிசைப் படம் தேவையில்லை. அரண்மனையும் அப்படித்தான்.

வெர்சாயிலிருந்து தொடங்குகிறேன், எப்படியும் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். ஆனால் கதை ஆரம்பிப்பது வேறொரு கட்டிலில். 1651 பிப்ரவரியில் ஒரு ராத்திரி, பாரிஸ் நகருக்குள் இருக்கும் பலே ரொயால் அரண்மனை. பிரபுக்களும் பாரிஸ் உயர்நீதிமன்றத்தாரும் அரசுக்கு எதிராகக் கிளப்பிவிட்ட 'ஃப்ராந்து' கலகம் 1648இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ராணி பையனைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடப்போகிறாள் என்று வதந்தி. கூட்டம் வாசலில் வந்து நின்று ராஜாவைக் காட்டச் சொல்கிறது. ராணி வேறு வழியில்லாமல் கதவைத் திறந்துவிடச் சொல்கிறாள். ஊர் ஜனம் வரிசையாக உள்ளே போய், கட்டிலில் கிடந்த பன்னிரண்டு வயதுப் பையனை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. பையன் தூங்குவதுபோல் கண்ணை மூடிக் கிடக்கிறான்.

அந்தப் பையன்தான் பதினான்காம் லூயி. அவர் மனதில் அந்த ராத்திரி என்ன செய்தது என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் 1661இல் ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டவர் அதே வருடம், அப்பா வேட்டைக்காகக் கட்டியிருந்த சின்ன மாளிகையைப் பெரிதாக்கத் தொடங்கினார். 1682 மே 6 அன்று அரசவையையே பாரிஸிலிருந்து பெயர்த்து அங்கே கொண்டுபோனார். 1701இல் தன் படுக்கையறையை அரண்மனையின் நட்டநடுவில், கிழக்கே ஊரைப் பார்க்கும் இடத்தில் வைத்துக்கொண்டார். கூப்பிடாமல் ஜனம் நுழைந்த கட்டில் போய், கூப்பிட மாட்டார்களா என்று பிரபுக்கள் காத்துக் கிடக்கும் கட்டில் வந்தது.

காலை எட்டு மணி சுமாருக்கு வேலையாள் வந்து எழுப்புவார். வைத்தியர் வருவார். பிறகு ரத்த சம்பந்தமும் பெரிய பதவியும் உள்ளவர்கள், அதற்குப் பிறகு அடுத்த படியில் இருப்பவர்கள் என்று ஒவ்வொரு கூட்டமாக உள்ளே விடுவார்கள். கதவைத் தட்டக் கூடாது, சுண்டுவிரல் நகத்தால் சுரண்ட வேண்டும். ராஜாவுக்குச் சட்டையை எடுத்துக் கொடுப்பது அங்கே இருப்பவர்களில் மிக உயர்ந்தவரின் உரிமை. ராத்திரி படுக்கப்போகும்போது மெழுகுவர்த்தித் தண்டைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பார். அந்த அறையில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை, விஷயம் பெயர் சொல்லி அழைப்பதுதான். அந்தக் காலத்து அரண்மனைக் குறிப்புகளை எழுதிவைத்த சேன் சீமோன் டியூக், 1702இல் பட்டாளத்து வேலையை விட்ட பிறகு தனக்கு ஒரு ராத்திரி அந்தத் தண்டு கிடைத்ததை விலாவாரியாகப் பதிவு செய்திருக்கிறார். ராணுவத்தை விட்டதற்காக ராஜாவுக்கு அவர்மேல் கோபம். கோபம் தீராமலே தண்டை மட்டும் கொடுத்தார் என்பதுதான் அதில் ருசி.

உட்காருவதற்கும் அதே கதை. ராணியின் முன்னால் டியூக்கின் மனைவி முதுகுசாயாத ஒரு முக்காலியில் உட்காரலாம், அதற்குக் கீழ்ப்பட்ட பெண்கள் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். அந்த முக்காலிக்காகக் குடும்பங்கள் கல்யாண சம்பந்தம் பேசின. தன் சொந்த ஊரில் பட்டாளம் திரட்டக்கூடிய மனிதன், இங்கே மாடிக்குமேல் காற்றோட்டமில்லாத ஒரு அறையில் குடும்பத்தோடு ஒடுங்கிக்கொண்டு, சூதாடிக் கடன்பட்டு, ராஜா கொடுக்கும் மானியத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தான். வராதவனுக்காக யாராவது சிபாரிசு செய்தால், அந்த ஆளைத் தான் பார்த்ததே இல்லையே என்பார் லூயி. கதை அவ்வளவுதான், கோப்பு மூடியாயிற்று.

இதை வைத்து, முக்காலியாலும் மெழுகுவர்த்தியாலும் அவர் பிரான்ஸையே ஆண்டுவிட்டார் என்று சொல்லிவிடக் கூடாது. வெர்சாய் கைடுகள் அப்படித்தான் சொல்வார்கள், கேட்க நன்றாகவும் இருக்கும். வரி வசூலும் நிர்வாகமும் நடந்தது மாகாணங்களுக்கு அனுப்பப்பட்ட 'ஆந்தாந்தான்' என்ற அதிகாரிகள் வழியாக. கலெக்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாகாண சபைகளோடு பேரம் பேசித்தான் பல இடங்களில் பணம் வாங்க முடிந்தது. கண்ணாடி மண்டபத்தில் நின்றால் அந்தப் பேரம் எதுவும் கண்ணில் படாது. படக் கூடாது என்றுதானே கட்டியது.

அந்த மண்டபம் 73 மீட்டர் நீளம், 357 கண்ணாடிகள். கண்ணாடித் தொழில் வெனிஸின் ஏகபோகமாக இருந்ததை உடைத்து, பிரான்ஸிலேயே செய்தவை. 1686இல் சயாம் (இன்றைய தாய்லாந்து) தூதர்கள் வந்தபோது மண்டபத்தின் கோடியில் வெள்ளிச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து லூயி வரவேற்றார். மூன்றே வருடம். 1689இல் போர்ச் செலவுக்காக அரண்மனையின் வெள்ளி மேசை நாற்காலி அத்தனையும் உருக்கிக் காசாக்கப்பட்டன. தோட்டத்து நீரூற்றுகளுக்கும் அதே கதி. சேன் நதியிலிருந்து தண்ணீர் ஏற்ற மார்லியில் பதினான்கு சக்கரங்களோடு ஒரு ராட்சத இயந்திரம் வைத்தும் போதவில்லை. ராஜா நடந்து வரும் பக்கத்தில் மட்டும் ஊற்றைத் திறக்க வேலையாட்கள் விசிலடித்துத் தகவல் சொல்வார்கள், அவர் தாண்டியதும் மூடிவிடுவார்கள். வெர்சாயைப் பற்றி எனக்குப் பிடித்த சேதி இதுதான்.

நம் பக்கத்திலிருந்தும் ஒரு கூட்டம் அங்கே போயிருக்கிறது. திப்பு சுல்தானின் மூன்று தூதர்கள் 1787இல் புதுச்சேரியில் கப்பல் ஏறி, 1788 ஆகஸ்ட் 10 அன்று வெர்சாயில் பதினாறாம் லூயியைப் பார்த்தார்கள். ஆங்கிலேயருக்கு எதிராகப் படை கேட்டார்கள். வரவேற்பு தடபுடலாக இருந்தது, படை வரவில்லை. அவர்கள் சபையேறிய ஆறாவது நாள், ஆகஸ்ட் 16 அன்று, பிரெஞ்சுக் கஜானா கடன்காரர்களுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்திவைத்தது. எந்த ஆடம்பரத்தைப் பார்த்துத் தூதர்கள் அசந்துபோயிருப்பார்களோ, அதற்குப் பின்னால் பெட்டி காலி.

அடுத்த வருடம் அக்டோபர் 6 விடியற்காலையில் பாரிஸ் கூட்டம் மறுபடியும் ஒரு படுக்கையறையை நோக்கி முண்டியடித்து வந்தது. இந்த முறை ராணியின் அறை. மரீ அந்துவானெத் கட்டிலுக்குப் பக்கத்துச் சின்னக் கதவு வழியாகத் தப்பி ஓடினார். அந்தக் கதவை இன்றும் காட்டுகிறார்கள், சுவரோடு சுவராக இருப்பதால் கவனிக்காமல் நடந்துவிடுவோம். பிறகு ராஜா குடும்பத்தோடு வெளியே வந்து கூட்டத்தின் முன் நின்ற உப்பரிகை, பதினான்காம் லூயியின் படுக்கையறை உப்பரிகையேதான்.

வெர்சாயில் குறை என்னவென்றால் கூட்டம். கண்ணாடி மண்டபத்தில் செல்ஃபி குச்சிகளுக்கு நடுவே ஒரு நிமிடம் நின்று யோசிக்க முடியாது. புரட்சியின்போது தட்டுமுட்டு சாமான்களை ஏலம் விட்டுவிட்டதால் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி பிற்பாடு தேடிப்பிடித்துத் திரும்ப வாங்கியவை அல்லது அச்சாகச் செய்துவைத்தவை. கட்டடம் உண்மை, வீடு நாடகமேடை மாதிரி. திங்கட்கிழமை விடுமுறை வேறு. நான் முதல்தடவை போனது ஒரு திங்கட்கிழமை. பூட்டிய தங்கக் கேட்டைப் பார்த்துவிட்டு, தோட்டத்தில் உட்கார்ந்து கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

எல் எஸ்கோரியல் இதற்கு அப்படியே தலைகீழ். மாட்ரிட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். மலையடிவாரத்தில், கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டர் உயரத்தில், சாம்பல் நிறக் கருங்கல்லில் 200 மீட்டருக்கு மேல் நீளமாக ஒரு பெட்டி. அலங்காரமே கிடையாது. தூரத்திலிருந்து பார்த்தால் சிறைச்சாலையோ என்று தோன்றும். எனக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஸ்பெயின் ராஜா இரண்டாம் ஃபிலிப் 1563இல் கல் நாட்டி 1584இல் முடித்தது. ஹுவான் பௌதிஸ்தா தே தொலேதோ தொடங்கினார், ஹுவான் தே எரேரா முடித்தார். மடம், கோயில், நூலகம், மன்னர்களின் கல்லறை, அரண்மனை ஐந்தும் ஒரே கூரைக்குக் கீழே. 1557இல் சேன் கந்தேன் சண்டையில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த ஆகஸ்ட் 10 புனித லோரன்சோவின் நாள் என்பதால் அவர் பெயரில் கட்டினார்கள். அவரை இரும்புக் கிராதியில் வைத்துத் தீயில் வாட்டிக் கொன்றதாக ஐதிகம், கட்டடத்தின் வரைபடமும் ஒரு கிராதி போலவே இருக்கிறது.

உள்ளே ஃபிலிப்பின் படுக்கையறையைத் தேடிக்கொண்டு போனால், வந்ததும் தெரியாமல் தாண்டிவிடக்கூடிய ஒரு சின்ன அறை. வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், இடுப்பளவுக்கு நீலப் பூ போட்ட ஓடு. சுவரில் ஒரு சிறு திறப்பு. அதன் வழியே பார்த்தால் பிரம்மாண்டமான கோயிலின் பலிபீடம். கட்டிலில் படுத்தபடியே பூசை பார்க்கலாம். அதாவது அந்தக் கோயிலுக்கு மிக அருகில் இருந்த மனிதர் ராஜா, ராஜாவுக்கு மிக அருகில் இருந்தது கடவுள். நடுவில் பிரபுக்கள் யாருக்கும் இடமே வைக்கவில்லை. வெர்சாயில் ஒரு கூட்டமே நின்ற இடத்தில் இங்கே ஒரு சன்னல்.

பக்கத்து அறையில் மேசை, எழுதுபொருள், கீல்வாதத்தில் வீங்கிய காலை நீட்டி வைக்க ஒரு நாற்காலி. இந்த மனிதர் ஆண்டது காகிதத்தால். பெருவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் மணிலாவிலிருந்தும் வரும் கடிதங்களைத் தானே படித்து, ஓரத்தில் தன் கையால் குறிப்பெழுதி, எழுத்துப் பிழைகூடத் திருத்தி அனுப்புவார். 1581இலிருந்து போர்ச்சுகலின் முடியும் அவருடையது. ஆகவே போர்ச்சுக்கீசியர் வசமிருந்த கோவா, கொழும்பு, மன்னார் எல்லாம் பெயருக்காவது இந்த மேசையின் கீழ் வந்தன. யாழ்ப்பாண அரசு 1619இல் போர்ச்சுக்கீசியரிடம் விழுந்தபோது லிஸ்பனின் ராஜா என்று இருந்தவர் இவருடைய மகன். பதில் போய்ச் சேர மாதங்கள் ஆகும், மணிலாவுக்கு என்றால் வருடக் கணக்கு. சாவு ஸ்பெயினிலிருந்து வருவதாக இருந்தால் தான் நெடுங்காலம் வாழ்ந்துவிடலாம் என்று அவருடைய ராஜப்பிரதிநிதி ஒருவர் கிண்டலடித்ததாகச் சொல்வார்கள்.

ஆளைக் கண்ணிலேயே காட்டாமல் ஆள்வது ஒரு தனி வித்தை. எங்கோ ஒரு மலையடிவாரத்தில் உட்கார்ந்து ஒருவர் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பே கடல்கடந்த அதிகாரியை நடுங்க வைத்திருக்கும். அதே சமயம் அந்த அறை எவ்வளவு சின்னது, படிக்க வேண்டிய காகிதம் எவ்வளவு என்று நினைத்தால் அதன் பலவீனமும் அங்கேயே புரிந்துவிடும். அமெரிக்க வெள்ளி கப்பல் கப்பலாக வந்தும் அவர் ஆட்சியில் 1557, 1560, 1575, 1596 என்று நான்கு முறை கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் கைவிரித்தார்கள். 1588இல் இங்கிலாந்துமேல் அனுப்பிய கப்பற்படை சிதைந்து திரும்பிய சேதியும் இந்த மேசைக்குத்தான் வந்தது.

1598இல் அந்தச் சின்ன அறையில் ஐம்பது நாளுக்குமேல் படுத்த படுக்கையாகக் கிடந்தார். உடம்பெல்லாம் புண், அசைக்கவே முடியாத வலி. அப்பா ஐந்தாம் சார்லஸ் சாகும்போது கையில் வைத்திருந்த சிலுவையைப் பிடித்தபடி செப்டம்பர் 13 விடியற்காலையில் போனார். கீழே பளிங்கிலும் வெண்கலத்திலுமாகக் கல்லறை மண்டபம். அப்பாவும் அவரும் அங்கே, பின்னால் வந்த ஸ்பெயின் அரசர்களில் இருவரைத் தவிர அநேகமாக எல்லோரும் அங்கே. உடல்களை நேராக அந்த மண்டபத்தில் வைப்பதில்லை. சுவருக்குப் பின்னால் இன்னொரு அறையில் பல வருடம் கிடந்து மக்கிய பிறகுதான் எலும்புகளை எடுத்துச் சின்னப் பளிங்குப் பேழையில் வைப்பார்கள். ராஜாவாக இருந்தாலும் வரிசையில் நின்றுதான் உள்ளே போக வேண்டும்.

நூலகத்தை விட்டுவிடாதீர்கள். புத்தகங்களின் முதுகு உள்பக்கமும் பொன்பூசிய தாள் விளிம்பு வெளிப்பக்கமுமாக அடுக்கியிருப்பார்கள். பெயர் தெரியாது. தெரிந்தவனுக்குத் தெரிந்தால் போதும் என்கிற தோரணை அந்த வீடு முழுக்க இருக்கிறது.

அதிகாரத்தைப் புரிந்துகொள்ள ஒரே இடம்தான் என்றால், உண்மையில் நான் கைகாட்டுவது ஹாம்ப்டன் கோர்ட்டை. தம்பிக்கு அது சரிப்படாது, ஐரோப்பாவில் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு லண்டனில் இறங்க முடியாது, தனி விசா வேண்டும். இருந்தாலும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனிலிருந்து ரயிலில் அரைமணிக்குக் கொஞ்சம் மேல்.

அது பாதி செங்கல் கோட்டை, பாதி வெர்சாய். முன்பக்கம் இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியுடையது. சரியாகச் சொன்னால் அவருடைய மந்திரி கார்டினல் உல்சி 1515 வாக்கில் தனக்காகக் கட்டிக்கொண்டது. ராஜாவின் வீட்டைவிட மந்திரி வீடு ஜொலித்தால் என்ன ஆகும்? சில வருடத்தில் உல்சியே அதை ராஜாவுக்குக் 'காணிக்கை' ஆக்க வேண்டியதாயிற்று. அதுவும் அவரைக் காப்பாற்றவில்லை. நூற்று முப்பது சொச்சம் வருடம் கழித்து பிரான்ஸில் நிதியமைச்சர் ஃபுக்கே 1661 ஆகஸ்டில் தன் புது மாளிகையில் லூயிக்கு விருந்து வைத்து, செப்டம்பரில் கைதாகி, சாகும்வரை சிறையில் கிடந்தார். அவருக்கு வேலை செய்த கட்டடக்கலைஞர், ஓவியர், தோட்டக்கலைஞர் மூவரையும் லூயி வெர்சாய்க்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மந்திரிமார் வீட்டுக் கிருகப்பிரவேசம் எல்லா நாட்டிலும் ஆபத்தான விசேஷம்தான்.

ஹென்றியின் பெரிய மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள். மரக்கூரையின் மூலைகளில் சின்னச் சின்ன மனிதத் தலைகள் கீழே எட்டிப் பார்க்கும், ஒட்டுக்கேட்பவர்கள் என்றே அவற்றுக்குப் பெயர். கீழே மரத் தட்டியில் எச், ஏ என்ற எழுத்துகள் பின்னிக் கிடக்கும். ஹென்றியும் அவர் மனைவி ஆன் பொலினும். 1536 மே மாதம் ராஜா ஆனின் தலையை வெட்டவைத்த பிறகு அரண்மனை முழுக்க அந்த ஏ எழுத்தைச் செதுக்கி எடுக்க ஆசாரிகளை ஏவினார்கள். இங்கே மட்டும் தப்பிவிட்டது. நான் அந்த எழுத்துக்கு முன்னால் நின்ற நேரம் அதிகம். நாலு வருடம் முன்பு செதுக்கிய கையே உளியோடு திரும்ப வந்திருக்கலாம்.

ஆனால் ஹென்றியின் படுக்கையறையைத் தேடாதீர்கள், இல்லை. 1689இல் முடிசூடிய மூன்றாம் வில்லியமும் மேரியும் பழைய அரண்மனையை முழுசாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னை அமர்த்தினார்கள். அவர் தொடங்கியதே ராஜாவின் பழைய அறைகள் இருந்த பக்கத்தை இடித்துத்தான். 1694 கடைசியில் மேரி அம்மை கண்டு இறந்தார், வேலை நின்றது. மறுபடி தொடங்கியபோது ரென்னைவிடக் குறைந்த தொகைக்குச் செய்வதாகச் சொன்ன டால்மனுக்கு வேலை போனது. மீதியை இடிக்கவே இல்லை. அதனால்தான் இரண்டு காலமும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

வில்லியமின் அறைகளில் நடப்பதுதான் எனக்குப் பாடம். ஓவியம் தீட்டிய பெரிய படிக்கட்டு. பிறகு சுவரெல்லாம் துப்பாக்கியும் ஈட்டியும் கோலம்போல் மாட்டிய காவலர் அறை. அடுத்து சிம்மாசன அறை, அடுத்து சாப்பாட்டு அறை, அடுத்து இன்னொரு சிம்மாசன அறை, பிறகு உள் அறை, பிறகு பெரிய படுக்கையறை. நல்ல உடுப்பு போட்டவன் முதல் கதவைத் தாண்டலாம், மந்திரி இன்னும் ரெண்டு மூன்று கதவு. கடைசிவரை போகிறவர் விரல்விட்டு எண்ணும் பேர். அதிலும் ராஜா மலஜலம் கழிக்கும் வெல்வெட் போட்ட பெட்டி நாற்காலியைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் பதவிதான் எல்லாவற்றுக்கும் மேல். வில்லியமிடம் அந்தப் பதவியில் இருந்தவர் அவருடைய உயிர் நண்பர் பெண்டிங்க். சிரிக்காதீர்கள், தனியாக ராஜா காதில் ஒரு வார்த்தை போட அதைவிட நல்ல இடம் எது?

அத்தனை கதவு தாண்டிப் போனால் அந்தப் பெரிய கட்டிலில் வில்லியம் தூங்கவில்லை. அது உடுத்தும் சடங்குக்கு. தூங்கியது பக்கத்துச் சின்ன அறையில் அல்லது கீழ்த்தளத்தில். எல்லாம் பதினான்காம் லூயியைப் பார்த்துச் செய்தது, ஆயுள் முழுக்க யாரோடு சண்டை போட்டாரோ அவரையே. ஆனால் ஒரு வித்தியாசம். 1689 உரிமைச் சட்டத்தின்படி நாடாளுமன்றம் ஒப்பாமல் வரி போடக் கூடாது, சமாதான காலத்தில் படையும் வைத்திருக்கக் கூடாது. 1698இல் அரண்மனைச் செலவுக்கு இவ்வளவு என்று நாடாளுமன்றமே தொகை கட்டிக் கொடுத்தது. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் பெண்டாட்டி தலையை வெட்டிவிட்டு எழுத்தை அழிக்கச் சொன்னவர், அந்தப் பக்கம் படி வாங்கி வீடு கட்டியவர். நடுவில் 1649 ஜனவரி 30 அன்று இங்கிலாந்து ராஜா முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது. அதே குளிர்காலத்தில்தான் பத்து வயது லூயியை ராத்திரியோடு ராத்திரியாகப் பாரிஸைவிட்டுக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். சார்லஸின் மனைவி லூயிக்கு அத்தை. ஒரே குடும்பத்தில் ஒரே குளிர்காலத்தில் இரண்டு சேதி. அங்கே கலகம் தோற்றது, இங்கே ஜெயித்தது.

ஷோன்ப்ரூனைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அழகு, சந்தேகமே இல்லை. மெட்ரோவில் இறங்கி நடக்கலாம், வருடம் முழுக்கத் திறந்திருக்கும், 1752இல் தொடங்கிய மிருகக்காட்சி சாலை அதே வளாகத்தில், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட்டால் வேறு இல்லை. ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரேசா தன் பிள்ளைகளை வளர்த்த வீடு, ஆறு வயது மோட்ஸார்ட் 1762இல் வாசித்துக் காட்டிய வீடு. ஆனால் அது கோடைக்கால வாசம். அதிகாரம் முக்கியமாகக் குடியிருந்தது நகரத்து நடுவே இருக்கும் ஹோஃப்பர்க்கில். ஷோன்ப்ரூனில் எனக்கு நிலைத்தது ஒரே ஒரு சாமான்: ஃபிரான்ஸ் ஜோசஃபின் இரும்புக் கட்டில். பட்டாளத்துச் சிப்பாய் கட்டில் மாதிரி. 68 வருடம் ஆண்ட சக்கரவர்த்தி அதிலிருந்து விடிவதற்கு முன்பே எழுந்து மேசைக்குப் போய், ஒரு தலைமை குமாஸ்தாபோல் கோப்பு பார்த்து, 1916 நவம்பரில் அதிலேயே இறந்தார். இரண்டு வருடம் கழித்து, 1918 நவம்பர் 11 அன்று, அடுத்தவர் கார்ல் அதே வீட்டின் நீலச் சீன அறையில் ஆட்சிப் பொறுப்பிலிருந்து விலகிக் கையெழுத்துப் போட்டார்.

ஆக, தம்பிக்கு மிஞ்சுவது வெர்சாய், எஸ்கோரியல் இரண்டும்தான். கூட மனைவியோ அப்பா அம்மாவோ வந்தால் கேள்வியே இல்லை, வெர்சாய். வெயில் நாளில் தோட்டமே அரை நாள் ஓடிவிடும், பாரிஸ்வரை போய் அதைப் பார்க்காமல் வந்தால் சொந்தக்காரர்கள் ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். போவதானால் திங்கள் வேண்டாம், திங்கள் மூடியிருப்பதால் செவ்வாயும் நெரியும். முதல் நேரத்து டிக்கெட்டை முன்பே போட்டுவிட்டு, கண்ணாடி மண்டபத்தில் நின்றது போதும் என்று படுக்கையறைச் சன்னலுக்குப் போய், மூன்று பெரிய சாலைகள் அந்த முற்றத்தை நோக்கி வந்து சேருவதைப் பார்க்க வேண்டும்.

ஆனால் தனியாகப் போகிறான், புரியணும் என்றும் சொல்கிறான். அதனால் என் ஓட்டு எஸ்கோரியலுக்கு. வெர்சாய், லூயி நமக்குக் காட்ட நினைத்ததைக் காட்டுகிறது. இன்றைக்கும் அதைத்தான் காட்டுகிறது, அவ்வளவு நன்றாகக் கட்டியிருக்கிறார். எஸ்கோரியலில் ஃபிலிப் யாருக்கும் எதையும் காட்ட நினைக்கவில்லை, அதனாலேயே மேசையும் கட்டிலும் சன்னலும் நடிக்காமல் இருக்கின்றன. கூட்டமும் குறைவு. அங்கேயும் திங்கள் விடுமுறை. கோடையானாலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ள வேண்டும், அந்தக் கல்லுக்குள் குளிர் உட்கார்ந்திருக்கும்.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். ரெண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் சித்தியே ஃபோனில் வந்தார்.

"ஏம்ப்பா, அவ்வளவு தூரம் காசு போட்டுப் போறவனைப் பிணம் மக்கவைக்கிற இடத்துக்குப் போகச் சொன்னியாமே? அந்தக் கண்ணாடி மண்டபம் இருக்கே, அதுக்கு என்ன?"

டிக்கெட் இன்னும் போடவில்லை என்று கேள்வி.